மூன்று ஏக்கர் நெல் வயலை ஒரேயடியாக இயற்கை முறைக்கு மாற்றலாமா?

கேள்வி: குடமுருட்டிக் கரை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. குறுவைப் பருவத்தில் ஆடுதுறை 43 நெல், அதை அடுத்த தாளடிப் பருவத்தில் ஆந்திரா பொன்னி நெல், தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்து என்பதுதான் அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் இப்போது சாகுபடி முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாளடிக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தான நைட்ரஜனும் மணிச்சத்தான பாஸ்பரஸும் சேர்ந்த உரம்) அடியுரமாகவும், மூன்று தவணையாக நான்கு மூட்டை யூரியா மேலுரமாகவும் போடுகிறோம். நடவு முடிந்த இரண்டாவது வாரத்தில் குருணை மருந்து, தூர் கட்டும்போது ஒரு தெளிப்பு, பூட்டை (கதிர்) வெளிவரும்போது இன்னொரு தெளிப்பு என்பது மருந்துக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டுப்படி நடக்கிறது. கடந்த தாளடியில் தெளிப்புக்கு வந்தவர் பாதி வயலில் தலை சுற்றுகிறது என்று டேங்க்கை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே படுத்துவிட்டார். வாந்தியும் எடுத்தார். அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பியதிலிருந்து, இந்த முறையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.42 சதவீதம், தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) நடுத்தரம், துத்தநாகம் பற்றாக்குறை என்று வந்திருக்கிறது. உறவினர்களில் ஒருசாரார் யூரியாவை நிறுத்தினால் விளைச்சல் பாதியாகிவிடும் என்கிறார்கள். இன்னொரு சாரார், சாணமும் கோமியமும் கலந்த ஜீவாமிர்தக் கரைசல் மட்டும் கொடுத்தாலே போதும், மண் தானாகவே எல்லாவற்றையும் கொடுக்கும் என்கிறார்கள். இருவருமே கணக்கு எதையும் சொல்வதில்லை. மூன்று ஏக்கரையும் வரும் பருவத்திலேயே முழுவதுமாக மாற்றலாமா, மாற்றினால் எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பயிருக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. பூச்சியையும் நோயையும் எதனால் கட்டுப்படுத்துகிறோம் என்பது மற்றொன்று. இயற்கை வேளாண்மை என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால், யூரியாவை விட முடியாதவர் பூச்சிமருந்தையும் விட முடியாது என்று நம்பிவிடுகிறார். பூச்சிமருந்தால் வந்த கேட்டைப் பார்த்தவர் அந்தக் கோபத்தை யூரியாவின் மேல் காட்டுகிறார். என் பணிக்காலம் முழுவதும் விவசாயிகளிடம் இதைப் பிரித்துச் சொல்லத்தான் பாடுபட்டேன்.

முதலில் உரத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லின் வேர் தழைச்சத்தை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும்தான் உறிஞ்சுகிறது. அந்த அம்மோனியம் யூரியா கரைந்து வந்ததா, சாணம் மட்கி வந்ததா என்று வேருக்குத் தெரியாது. ஆகவே யூரியாவில் விளைந்த நெல் விஷம் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஆனால் நீங்கள் போடும் அளவுக்கும் அடிப்படை இல்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை நான்கு என்றால் சுமார் 83 கிலோ. டிஏபி ஒரு மூட்டையிலிருந்து இன்னும் 9 கிலோ. மொத்தம் 92 கிலோ. மத்திய, நீண்டகால ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோதான். ஒன்றரை மடங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை ஏறியது. யூரியா மட்டும் அரசு நிர்ணயித்த பழைய விலையிலேயே நின்றுவிட்டது. 1,350 ரூபாய் டிஏபிக்குப் பக்கத்தில் 270 ரூபாய்க்கும் குறைவான யூரியா மூட்டை கிடக்கும்போது கை எதை நோக்கிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. போட்ட தழைச்சத்தில் நெல் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் 40 சதவீதம். மீதி அம்மோனியாவாகக் காற்றிலும், நைட்ரேட்டாக நிலத்தடி நீரிலும், நைட்ரஸ் ஆக்ஸைடாக வானிலும் போய்ச் சேருகிறது.

இனி அந்த 60 கிலோவைத் தொழு உரத்தில் மட்டும் கொடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நன்றாக மட்கிய தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். எனவே ஏக்கருக்கு 12 டன், உங்கள் மூன்று ஏக்கருக்கு 36 டன் வேண்டும். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். வீட்டில் எத்தனை மாடு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெல்டாவில் உழவு மாடு போய் டிராக்டர் வந்த அன்றே எருக்குழியும் போய்விட்டது. ஜீவாமிர்தத்தையும் கணக்கில் எடுத்துப் பாருங்கள். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண் சேர்ந்த 200 லிட்டர் கரைசலில் மொத்தத் தழைச்சத்து அரைக் கிலோவைத் தாண்டாது. நுண்ணுயிர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். 60 கிலோவுக்கு அது ஈடாகாது.

அப்படியானால் யூரியாவே போதுமா என்றால், போதாது. உங்கள் அட்டையில் உள்ள 0.42 என்ற எண்தான் எனக்குக் கவலை தருகிறது. அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மண்ணைக் குறைந்த வளமுடையது என்றே வகைப்படுத்துகிறோம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே நிலத்தில் கோதுமை பயிரிட்டு வருகிறார்கள். ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பாத்தியும், சமச்சீராக இரசாயன உரம் பெற்ற பாத்தியும் நெடுங்காலம் ஏறக்குறைய ஒத்த விளைச்சலைக் கொடுத்தன. மண்ணின் கரிமமோ தொழு உரப் பாத்தியில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. அதே முறையைப் பின்பற்றிக் கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. 1970 முதல் நாடு முழுவதும் நடக்கும் நீண்டகால உரப் பரிசோதனைகளில் தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சரிந்தன. தழை, மணி, சாம்பல் ஆகிய பேரூட்டச் சத்துகளோடு தொழு உரமும் சேர்த்துப் பெற்ற பாத்திகள்தான் நிலைத்து நின்றன.

எனவே இந்தப் பருவத்தில் உங்களுக்கு என் யோசனை இதுதான். மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்பதால் டிஏபியை நிறுத்துங்கள். அது துத்தநாகத்தை இன்னும் கிடைக்காமல் செய்யும். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். யூரியாவை, பச்சை நிறத்தின் அளவுகளை எண்களோடு காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்து மட்டும் போடுங்கள். நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த இளம் இலையை உங்கள் உடம்பின் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான ரகங்களில் நிறம் நான்குக்குக் கீழே இறங்கினால்தான் மேலுரம். வெள்ளைப் பொன்னி போன்ற வெளிர் இலை ரகங்களுக்கு மூன்று. முதல் பருவத்திலேயே ஒரு மூட்டையாவது மிச்சமாகும்.

பூச்சிமருந்தைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. அதில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. கடைக்காரர் சீட்டுப்படி நாள் குறித்துத் தெளிப்பதை இந்தப் பருவத்திலேயே நிறுத்திவிடலாம். 1970-களில் இந்தோனேசியாவின் நெல் வயல்கள் புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சியால் எரிந்ததுபோல் காய்ந்தன. மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் கூடியதே தவிரக் குறையவில்லை, ஏனென்றால் அதைத் தின்னும் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான் முதலில் செத்தன. 1986-இல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்து, மருந்து மானியத்தையும் படிப்படியாக நீக்கினார். நெல் உற்பத்தி வீழவில்லை. பூச்சிமருந்தைப் பெருமளவு குறைத்தும் பயிர் நிற்கும் என்பதற்கு ஒரு நாடு முழுவதும் நடந்த சான்று அது.

உங்கள் வயலில் செய்ய வேண்டியது, எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுவது, வாரம் ஒருமுறை இறங்கிப் பத்து இடங்களில் குத்துகளின் அடித்தூரைப் பிரித்துப் பார்ப்பது. நடுக்குருத்து காய்ந்த தூர்கள் நூற்றுக்குப் பத்தைத் தொடாதவரை குருத்துப்பூச்சிக்கு மருந்து தேவையில்லை. தாண்டுவதுபோல் தெரிந்தால் பத்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் சோப்புக் கரைசலோடு மாலை வேளையில் தெளியுங்கள். பூச்சியின் முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் கொண்ட அட்டை உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் கிடைக்கும் வழி சொல்வார்கள்.

பதில் 2: முள்ளியாறு

வேளாண் அலுவலர் ஐயா கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டியதற்கு நன்றி. திருத்துறைப்பூண்டிப் பக்கம் இயற்கை முறையில் நெல் சாகுபடி செய்கிறேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு இதற்குள் வந்தவன் நான். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் அண்ணன் கையால் விதை வாங்கியவன். ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் உரத்தையும் பூச்சிமருந்தையும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வயலில் அவை பிரிந்து நிற்பதில்லை. யூரியாவைக் கூட்டிப் போட்ட வயல் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், இலை தடிக்காமல் மெலிதாக இருக்கும், நெருக்கத்தால் அடித்தூருக்கு வெயிலே போகாது. இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் அந்த வயலைத்தான் முதலில் தேடி வருகின்றன. மருந்துச் செலவு தொடங்குவதே அந்த மேலுரத்தில்தான். தழைச்சத்து மெதுவாக வரும் வயலில் பூச்சி இல்லாமலில்லை, இருக்கிறது. ஆனால் வெள்ளாமையைச் சாய்க்கும் அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே ஒன்றை விட்டால்தான் மற்றதை விட முடியும் என்பது என் எண்ணம்.

தம்பியின் கணக்குக்கு வருகிறேன். 36 டன் எரு யாருக்கும் கிடைக்காது, எங்களுக்கும் கிடைக்கவில்லை. எங்களைக் காப்பாற்றுவது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிர். ஏக்கருக்கு இருபது கிலோ விதை தெளித்து, 45 நாளில், பூ எடுக்கும் தருணத்தில், தண்டு நார் ஏறுவதற்கு முன் சேற்றில் மடக்கி உழுதால் எட்டு டன் அளவுக்குப் பச்சைத் தழை மண்ணுக்குள் போகிறது. 25 முதல் 30 கிலோ தழைச்சத்து அதிலேயே கிடைத்துவிடும். தண்டை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் உழலாம். நார் இழுத்தால் நாள் தப்பிவிட்டது, மட்குவதற்குள் நாற்று மஞ்சளடிக்கும். அதோடு மூன்று டன் தொழு உரமும், நூறு கிலோ கடலைப் புண்ணாக்கும், நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் ஐயா சொன்ன 60 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஜீவாமிர்தத்தை நானும் சத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. மட்கை வேகப்படுத்தத்தான் பாசனத் தண்ணீரோடு விடுகிறேன்.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. குறுவை, தாளடி, உளுந்து என்று நிலத்துக்கு ஓய்வே கொடுக்காத உங்கள் வழக்கத்தில் அந்த 45 நாள் எங்கிருந்து வரும்? சித்திரை, வைகாசியில் கோடை மழையை நம்பியோ ஆழ்குழாய்த் தண்ணீரிலோ விதைக்கலாம். இல்லையென்றால் ஓர் ஏக்கரில் மட்டும் குறுவையை விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒரே நெற்பயிர் என்ற ஒருபோகச் சம்பாவாக மாற்ற வேண்டும். வருமானத்தில் இது நேரடியான இழப்பு. இதைச் சொல்லாமல் இயற்கை முறையில் செலவே இல்லை என்று பேசுவது விவசாயிக்குச் செய்யும் துரோகம்.

ரகத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். யூரியாவுக்கென்றே உருவாக்கிய குட்டை ரகங்களை வைத்துக்கொண்டு யூரியாவை நிறுத்தினால் அவை ஏமாற்றிவிடும். கிச்சிலிச் சம்பாவும் தூயமல்லியும் குறைந்த தழைச்சத்தில் நின்று விளைபவை. அவற்றுக்கு யூரியா போட்டால்தான் சாய்ந்துவிடும். என் வயலில் தூயமல்லி ஏக்கருக்கு இருபது மூட்டை வருகிறது. பக்கத்து வயலில் புதிய ரகம் முப்பத்தைந்து மூட்டை. இந்த வித்தியாசத்தை நான் மறைப்பதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. நெல்லாக விற்றால் நட்டம்தான். அவித்து, குத்தி, அரிசியாக்கி, வாங்குபவர்களை நாமே தேடி விற்றால்தான் கட்டுப்படியாகும். களையெடுப்புக்கு ஆள் கூலியும் கூடுதல். கோனோ வீடர் என்ற களைக்கருவியை ஓட்ட வரிசை நடவு வேண்டும், வரிசை நடவுக்கு ஆள் கிடைக்க வேண்டும். இத்தனைக்கும் தயார் என்றால் வாருங்கள், விதை தருகிறேன்.

பதில் 3: கிளிநொச்சிக் கமக்காரன்

வணக்கம். ஒரேயடியாக மாற்றலாமா என்று அண்ணை கேட்ட கேள்விக்கு எங்கள் இலங்கை நாடு முழுவதும் சேர்ந்து விடை கண்டிருக்கிறது. அதை இங்கே எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறுவோம் என்று கோட்டாபய ராஜபக்ச எழுதியிருந்தார். பத்து ஆண்டு என்றால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் (பூச்சிமருந்துக்கும்) ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) இறக்குமதித் தடை வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பசளைக்குக் கொடுக்க டொலர் இல்லாமல் போனதும், மண்ணின் நலம் பற்றிய பேச்சும் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன.

கோடைப் பருவமான சிறுபோகத்தைக் கையிருப்பை வைத்து ஒருவாறு ஒப்பேற்றினோம். அடி விழுந்தது மாரிமழைப் பருவமான பெரும்போகத்தில். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தது, வானமும் கைவிடவில்லை, விதைப்பும் முடிந்தது. பசளை மட்டும் வரவில்லை. கமநல சேவை நிலையத்தில் கிடைத்த கூட்டெருவில் (மட்கு உரத்தில்) கல்லும் பொலித்தீன் துண்டும் கிடந்தன. சரியாக உக்காத குப்பையோடு களைவிதையும் வயலுக்கு வந்தது. நாற்பது நாள் பயிர் முழங்கால் உயரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக, கணுக்கால் அளவில், ஒரு குத்துக்கு மூன்று நான்கு மட்டம் (தூர்) மட்டும் வெடித்து நின்றது. வயதானவர்கள் வயல் வரம்பில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

நாட்டின் பெரும்போக நெல் விளைச்சல் அதற்கு முந்தைய ஆண்டில் முப்பது லட்சம் தொன்னைத் தாண்டியிருந்தது. 2021/22 பெரும்போகத்தில் இருபது லட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சீனாவிலிருந்து இருபதாயிரம் தொன் சேதனப் பசளையோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரியில் எர்வினியா என்ற நோய்க்கிருமி இருப்பதாகச் சொல்லி அதை இறக்கவிடாமல் திருப்பியனுப்பினார்கள். கடைசியில் இறங்காத பசளைக்கு 67 லட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது. நவம்பர் முடிவதற்குள் தடையை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் உலகச் சந்தையிலேயே யூரியா விலை ஏறிவிட்டது, எங்கள் ரூபாயும் அடுத்த மார்ச்சில் விழுந்துவிட்டது. அனுமதி இருந்தும் வாங்க முடியாத நிலை.

இதைப் படித்துவிட்டு இரசாயனப் பசளைக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் தாயாரின் ஊர் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய். குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் எடுத்துத்தான் குடிக்கிறோம், அதையேதான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். அளவுக்கு மீறிப் போட்ட பசளை இறைத்த நீரோடு செம்மண்ணைக் கடந்து திரும்ப அதே கிணற்றுக்குள் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தோட்டச் செய்கை நெருக்கமான பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் எத்தனையோ ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் அது. எங்கள் பாட்டன்மார் பூவரசங்குழையையும் பனையோலையையும் தோட்டத்தில் வரிசையாகத் தாழ்த்துவார்கள். ஓலை மண்ணுக்குள் மெதுவாக உக்கி, ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். இன்றைக்கும் சிலர் செய்கிறார்கள், ஆள் கூலிதான் தடை.

முள்ளியாறு அண்ணை சொன்னதற்கு ஒரு சிறு மறுப்பு. இரண்டையும் சேர்த்தே விட வேண்டும் என்று எங்கள் அரசாங்கமும் நினைத்தது. தானாக விரும்பி வந்த ஒருவருக்கு அது பொருந்தலாம். பசளையும் மருந்தும் ஒரே நாளில் இல்லாமல் போன கமக்காரனுக்கு எதில் தவறியது என்று கண்டறியவே வழியில்லாமல் போனது. முழு வயலையும் மாற்றுவதற்கு முன் ஒரு துண்டில் ஒரு போகம் பாருங்கள்.

பதில் 4: திருச்சி வாசகி

நான் உணவுப் பகுப்பாய்வுத் துறையில் பணிபுரிபவள். உண்பவரின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சிய நஞ்சைப் பற்றி மக்கள் அதிகம் அஞ்சுவது அரிசியில். ஆனால் நெல்லின் உமியும் தவிடும் நீங்கும்போது எச்சத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. நான் அஞ்சுவது, இன்று தெளித்து நாளை பறிக்கும் கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பற்றித்தான். இந்தியக் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் எச்ச நஞ்சைக் காரணம் காட்டிக் கூடுதல் சோதனை விதித்தது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்துவிடுவதால் கழுவினால் போவதில்லை. மருந்தின் மேலுறையில் அச்சிட்டிருக்கும், தெளித்த பின் அறுவடை வரை விட வேண்டிய காத்திருப்புக் காலத்தை மதித்தாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

அதேசமயம் இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கரைசலில் உள்ள நிக்கோட்டின் கடும் நஞ்சு. அதைத் தெளிப்பவரின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். தாவர வேரிலிருந்து எடுத்த ரோட்டினோனை நெடுங்காலம் இயற்கைப் பூச்சிக்கொல்லி என்று பயன்படுத்தினார்கள். பின்னர் பார்க்கின்சன் நோயோடு அதற்குள்ள தொடர்பு தெரியவந்தது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) சேர்ந்த, பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை இயற்கைச் சான்றிதழிலும் வரம்புக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. அதன் செம்பு மண்ணில் அப்படியே தங்கிவிடும்.

கேள்வி கேட்டவர் எழுதியவற்றுள் என்னைத் தொந்தரவு செய்வது வரப்பில் படுத்த அந்த மனிதர்தான். இந்த விவாதத்தில் சாப்பிடுபவரின் தட்டைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். தட்டில் வருவது மில்லிகிராமின் சிறு பங்கு. தெளிப்பவரின் தோலிலும் மூச்சிலும் போவது அதைப்போல் பல மடங்கு. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஊர் வெயிலில் முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு யாரும் டேங்க் சுமக்க முடியாது என்பது தெரிந்தே நாம் அந்த அறிவுரையை அட்டையில் அச்சடிக்கிறோம். ஆகவே பூச்சிமருந்தை முதலில் நிறுத்துங்கள் என்று அலுவலர் ஐயா சொன்ன வரிசையோடு முழுமையாக உடன்படுகிறேன்.

குடமுருட்டிக் கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். யூரியா கணக்கை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மூன்று ஏக்கரிலும் நாள் குறித்த மருந்துத் தெளிப்பு இனி இல்லை என்றும், இரண்டு ஏக்கரில் இலை வண்ண அட்டையின்படி யூரியா என்றும், கிழக்கே உள்ள ஓர் ஏக்கரில் மட்டும் குறுவையை விட்டுத் தக்கைப்பூண்டும் தூயமல்லிச் சம்பாவும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். முள்ளியாறு அண்ணனிடம் விதைக்கு வருகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. அந்த ஓர் ஏக்கருக்கும் துத்தநாக சல்பேட் போடலாமா, போட்டால் சான்றிதழுக்குத் தடையாகுமா? மேலும் அந்த வயலுக்குத் தண்ணீர் பக்கத்து வயல் வழியாகத்தான் வருகிறது, அவர் யூரியா போடுபவர்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

துத்தநாகத்துக்கு முழுத் தடை கிடையாது. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிகளில் நுண்ணூட்டங்கள் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்பட்டவை. பற்றாக்குறையைக் காட்டும் மண் பரிசோதனை உங்கள் கையில் இருக்கிறது. சான்று வழங்கும் நிறுவனத்திடம் அதைக் காட்டி எழுத்தில் அனுமதி பெற்ற பிறகு போடுங்கள். முன்கூட்டிப் போட்டுவிட்டால் ஆய்வாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஓராண்டுப் பயிர்களுக்கு மாற்றுக்காலம், அதாவது இயற்கை முறைக்கு மாறும் காலம், இரண்டு ஆண்டுகள். அது பதிவு செய்த நாளிலிருந்தே கணக்காகும் என்பதால், கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் தக்கைப்பூண்டு விதைக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

தண்ணீர்தான் சிரமம். முடிந்தால் வாய்க்காலிலிருந்து நேரடியாக ஒரு சிறு கன்னி (கிளை வாய்க்கால்) வெட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பக்கத்து வயல்காரர் மேலுரம் போட்ட பிறகு நான்கைந்து நாட்கள் உங்கள் மடையை அடைத்து வையுங்கள். அவர் பக்கத்து வரப்பை உயர்த்தி, அதையொட்டி ஆறேழு அடி அகலத்தில் விளையும் நெல்லைத் தனியாக அறுத்துத் தனியாக மூட்டை பிடியுங்கள். அந்த நெல்லை இயற்கை நெல்லோடு கலக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் தண்ணீரை விடாமல் கட்டி வைத்தால் மீத்தேன் மிகுதியாக வெளிவரும், வேரும் கறுக்கும். மடக்கி உழுது பத்து நாட்களாவது மட்கவிட்டு நடுங்கள். நட்ட பிறகு நீர் மறைந்து லேசாக மயிரிழை வெடிப்பு காணும்போது அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். பூட்டை வெளிவரும் நேரத்தில் மட்டும் வயலைக் காயவிட வேண்டாம்.